எர்த்து மங்கையும் மூன்றாம் பெட்டியும்

விம்கோ நகரில் இறங்கி மங்கை வீடு எது என்று கேட்டால், எந்த மங்கை என்பார்கள். எர்த்து மங்கை என்று கேட்டால் வாசல் வரை கூடவே வந்து விட்டுப் போவார்கள். அந்தப் பெயர் முதலில் கேலியாகத்தான் வந்தது. பிறகு கேலி போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

என் அம்மா. இறந்து ஏழு வாரம் ஆகிறது. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயது.

காரியத்துக்குக் குப்பத்து ஆட்களும் அம்மா வேலை செய்த ஒர்க்‌ஷாப் ஆட்களும் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கோதண்டம் என்ற அரசுப் பொறியாளர் ஒருவரும் வந்திருந்தார். கிளம்பும்போது, "மூணாம் பெட்டி விஷயத்த நீங்க எழுதி வைக்கணும்மா. எங்க ஃபைல்ல அது இல்ல" என்றார்.

அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா மணி காசிமேட்டுப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் இருந்தார். ஐஸ் கட்டியை நொறுக்கும் மெஷின் அவர் பொறுப்பு. தரை எப்போதும் ஈரம். காற்றில் உப்பு. மெஷினின் உடம்பில் கரன்ட் கசிந்தால் அது மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காக ஒரு பச்சை ஒயர் போட்டிருந்தார்கள். அதன் ஒரு முனையை மெஷினில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். மறுமுனை, மண்ணில் இறங்கும் இடத்தில் உப்பு தின்று, அறுந்து கிடந்தது. பார்ப்பவர்களுக்கு எர்த் இருந்தது. அப்பா மெஷினில் கை வைத்தபோது எர்த் இல்லை. எனக்கு அப்போது ஆறு வயது. அம்மாவுக்கு இருபத்தைந்து.

பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா அந்த ஐஸ் கம்பெனிக்குப் போனாள். கூடப் போனது என் தாய்மாமன் தேசப்பன். அந்த ஒயரைக் காட்டச் சொன்னாளாம். அறுந்த முனையைக் கையில் வைத்துப் பார்த்தாளாம். அழவில்லை, திட்டவில்லை. "ஒரு மொனதான் கட்டிக்கீது" என்று மட்டும் சொன்னாள் என்று மாமா சொல்வார்.

அடுத்த மாதம் உசேன் பாயின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தாள். உசேன் பாய் வண்ணாரப்பேட்டைக்காரர். தொழிற்சாலைகளுக்கு மோட்டார் பேனல், அதாவது மோட்டாரை இயக்கும் சுவிட்சுப் பெட்டி, செய்து கொடுப்பவர். முதலில் ஒயர் முனைகளைச் சீவி லக் என்ற செம்பு வளையம் மாட்டும் வேலை. இரண்டு வருடத்தில் வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு முழுப் பேனலுக்கு ஒயரிங் செய்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அவள் ஒயர் கட்டினால் தலை வாரி வகிடு எடுத்தது போல இருக்கும். கட்டு போடுவது பிளாஸ்டிக் பட்டையால் அல்ல, வலை நூலால். வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கும், வலை நூல் நொறுங்காது என்பாள். குப்பத்தில் பிறந்தவளுக்கு முடிச்சு சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பேனல் முடிந்ததும் மீட்டரை எடுத்து எர்த் ஒயரின் இந்த முனை, அந்த முனை இரண்டையும் தொட்டுப் பார்ப்பாள். தான் செய்ததை மட்டுமில்லை. அடுத்தவர் செய்ததையும். "ரெண்டு மொனையும் பாத்தியா?" இதுதான் ஒர்க்‌ஷாப்பில் அவள் காலை வணக்கம்.

வெளியிலும் விடமாட்டாள். ஆடித் திருவிழாவில் அம்மன் புறப்படும் நேரம். ஜெனரேட்டர் வண்டி பின்னால் நிற்கிறது. அம்மா போய் வண்டிக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"எர்த்து எங்கடா அடிச்சிக்கீற?"

"எக்கா, நல்ல நேரம் போவுது. வய்ய வுடு."

"நல்ல நேரத்துல செத்தா சொர்க்கமா? ஒரு ராடு அடி, அப்பால போ."

"அம்மனே கூட வருது, நீ இன்னா எர்த்து எர்த்துன்னுகினு!"

"அம்மனுக்கு ஷாக் அடிக்காது. உனக்கு அடிக்கும்."

மண்ணில் ராடு அடித்து, அதில் ஒயர் கட்டி, இரண்டு முனையையும் பார்த்த பிறகுதான் அம்மன் நகர்ந்தது. அந்த வருடம் வந்த பெயர்தான் எர்த்து மங்கை.

இப்போது பெட்டிகளுக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு உசேன் பாய்க்கு அரசுத் துறை ஒன்றிலிருந்து ஒரு வேலை வந்தது. எண்ணூர் கழிமுகத்தில் ஆறு இடங்களில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் நிலையங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீருக்குள் ஒரு சென்சார். கரையில் கம்பத்தில் ஒரு பெட்டி. பெட்டிக்குள், சென்சார் சொல்வதைக் குறித்து வைக்கும் லாகர் என்ற கருவி, ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி. மேலே சோலார் தகடு, ஆன்டெனா. கால் மணிக்கு ஒரு முறை ரேடியோ அந்த எண்ணை அடுத்த பெட்டிக்குத் தள்ளும். அது அதற்கடுத்த பெட்டிக்கு. கடைசியில் கோதண்டத்தின் அலுவலகத்துக்கு. அங்கிருந்து இணையம் வழியாக எங்கள் போனிலும் பார்க்கலாம். மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரியும்.

ஒர்க்‌ஷாப்பில் பெட்டி செய்வது அம்மா. ஆனால் வெளியிடத்தில் போய்ப் பொருத்துவது எப்போதும் ஆண்கள்தான். இந்த முறை அம்மா, நானே போய் மாட்டுகிறேன் என்றாள்.

"சேத்துல எறங்கணும் மங்கக்கா" என்றார் உசேன் பாய்.

"நான் பொறந்ததே சேத்துலதான் பாய்."

"படகுல போவணும்."

"படகு என் தம்பிது."

"கம்பத்துல ஏறணும்!"

"ஏணி உங்களுது."

பாய் சிரித்துவிட்டார். ஆனால் கோதண்டம் சிரிக்கவில்லை. அவருக்குத் துறையில் பதில் சொல்ல வேண்டும். ஆறு பெட்டியும் பதினைந்து நாள், ஒரு தவறும் இல்லாமல், தொடர்ந்து எண் அனுப்ப வேண்டும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடிந்துவிட்டால் நல்லது. அனுப்பினால் இந்தப் பெட்டிகளையும் இனி வருவனவற்றையும் பொருத்துவதும் பார்த்துக்கொள்வதும் அம்மாவின் பொறுப்பு. இல்லையென்றால் வெளியூர்க் கம்பெனிக்குப் போகும். அம்மா மறுபடி மேசைக்கு. இதை அவர் அவளிடம் நேராகவே சொன்னார். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

நான் பெங்களூரில் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர். ரேடியோ அம்மாவுக்குப் புதிது. தினமும் சாயங்காலம் போன் வரும். லாகரிலிருந்து ரேடியோவுக்கு மூன்று ஒயர் போகும்: அனுப்புவது, வாங்குவது, பொது. இதன் அனுப்பும் ஒயர் அதன் வாங்கும் ஒயரோடு சேர வேண்டும். முதல் நாள் ஒரே பெயருள்ளவற்றை நேருக்கு நேர் கட்டிவிட்டாள். ஒன்றும் வரவில்லை. நான் விளக்கினேன்.

"அதான பாத்தேன். என் வாயி உன் காதுக்கு, உன் வாயி என் காதுக்கு. வாயும் வாயும் கட்டினா சண்டதான் வரும்."

பதினைந்து வருடமாக இந்த வேலையைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் புத்தகங்களைப் படித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக எதிலும் இல்லை.

இன்னொன்றும் சொன்னேன். ஆன்டெனா மாட்டாமல் ரேடியோவுக்குக் கரன்ட் கொடுத்தால் வெளியே போக வேண்டிய சக்தி போக வழியில்லாமல் உள்ளேயே திரும்பி அதை எரித்துவிடும். மறுநாளே ஆறு பெட்டியிலும் பேட்டரி ஒயரில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தாள். ஆன்டெனா மாட்டின பிறகுதான் துணியை அவிழ்க்க வேண்டும். ஆறு ரேடியோவில் ஒன்றுகூட எரியவில்லை.

அம்மாவும் மாமாவும் அவர் ஃபைபர் படகில் பத்து நாள் போனார்கள். புடவையை இழுத்துச் செருகி, மேலே அப்பாவின் பழைய சட்டை. ஆறு பெட்டிகளும் நின்றன. ஆறும் பேசின. பதினைந்து நாள் கணக்கு தொடங்கியது.

நான்காம் நாள் மூன்றாம் பெட்டி பொய் சொல்ல ஆரம்பித்தது.

மூன்றாம் பெட்டி இருப்பது ஒரு தொழிற்சாலையின் பம்ப் ஹவுஸுக்குப் பக்கத்தில். கம்பம் கரையில். சென்சார் அறுபது மீட்டர் தள்ளி, தண்ணீருக்குள் நிற்கும் பழைய இரும்புத் தூணில். காலை எட்டு மணி வரை எண் ஒழுங்காக இருக்கும். அதற்குப் பிறகு இரண்டு அடி ஏறும், அடுத்த கால் மணியில் ஒரு அடி இறங்கும், மறுபடி ஏறும். சாயங்காலம் ஆறு மணிக்குச் சமர்த்தாகிவிடும்.

கோதண்டம் போன் செய்தார். உசேன் பாய் ரேடியோவை மாற்றினார். ஆன்டெனாவை மாற்றினார். பலனில்லை. பம்ப் தண்ணீரை இழுக்கிறது, அதனால் மட்டம் உண்மையிலேயே ஆடுகிறதோ என்று கோதண்டத்துக்குச் சந்தேகம். மாமா இரும்புத் தூணில் பெயின்ட்டால் கோடு போட்டு ஒரு பகல் முழுக்கப் படகில் உட்கார்ந்து பார்த்தார்.

"சார், இன்னிக்கு அஷ்டமி. கடலு ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது. ரெண்டு அடி ஏறிச்சின்னா என் லுங்கி நனஞ்சிருக்கணும். காஞ்சி கீது, பாரு" என்று போனில் சொன்னாராம்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். தூங்காத குரல்.

"ரேடியோதான் பேஜாரு பண்ணுதுன்றாங்கடி."

"ரேடியோ பொய் சொல்லாதும்மா. எண் வந்தா சரியா வரும். இல்லனா வரவே வராது. இது ரேடியோவுக்கு முன்னாடியே கெடுது. சென்சார் ஒயர் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு."

அனுப்பினாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

சென்சார் கேபிளுக்குள் நான்கு மெல்லிய ஒயர்கள். அவற்றைச் சுற்றி வலை போலப் பின்னிய செம்பு. ஷீல்டு என்போம். அம்மா அதை வலை என்பாள். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் உள்ளே போகாமல் தடுப்பது அதன் வேலை. அதைப் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த்தில் கட்ட வேண்டும். மறுபக்கம் எதிலும் படாமல் விட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் கட்டினால், இரண்டு இடத்து மண்ணுக்கும் நடுவில் இருக்கும் சிறு மின்வேறுபாடு அந்த வலை வழியாகவே ஓடும். அந்த ஓட்டம் சென்சாரின் எண்ணைக் கெடுக்கும். வரைபடத்தில் ஒரு முனைதான் காட்டியிருந்தது. வரைபடம் போட்டவன் ஒரு முனையை மறந்துவிட்டான் என்று அம்மா நினைத்தாள். அவள் வாழ்க்கையில் எர்த்தின் ஒரு முனையை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறாள். அதனால் இரும்புத் தூணில் ஓட்டை போட்டு, போல்ட் வைத்து, கிரீஸ் தடவி, மறுமுனையையும் இறுக்கியிருந்தாள். அழகான வேலை. என் நிறுவனத்தில் யாரும் அவ்வளவு நேர்த்தியாகச் செய்ததில்லை. தவறான இடத்தில் செய்திருந்தாள்.

போனில் சொல்ல மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை ரயில் ஏறினேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு மூவரும் படகில் இருந்தோம். இரும்புத் தூணில் படகைக் கட்டினோம். சொன்னேன்.

"எர்த்த கயட்ட சொல்றியா?"

"எர்த்த இல்லம்மா. வலையோட இந்த முனைய."

"எர்த்துலதான கட்டிக்கீது? அப்ப அது எர்த்துதான்."

"பெட்டி எர்த் அப்படியே இருக்கும். அதுக்கு ரெண்டு முனையும் வேணும். இது வேற."

"உங்கப்பன் கையையே கேட்டுக்கோ வேற இன்னான்னு."

மாமா நடுவில் புகுந்தார்.

"எக்கா, வலைய ஒரு பக்கம் போட்ல கட்டிட்டு மறு பக்கத்த தண்ணியிலதான வுடுவோம். ரெண்டு போட்ல கட்டி, ஒரு போட் நவுந்துச்சின்னா கியிஞ்சிடும்ல?"

"நாம இன்னா இப்ப கெளுத்தியா புடிக்கிறோம்? மூடிகினு போட்ட புடி."

பையிலிருந்து டாங் டெஸ்டரை எடுத்தேன். இடுக்கி போல வாய் திறந்து ஒயரைக் கவ்வும் மீட்டர். எதையும் கழற்றாமலே ஒயரில் கரன்ட் ஓடுகிறதா என்று காட்டும். அவள் இறுக்கிய முனையில் கவ்வ வைத்து அவள் கையில் கொடுத்தேன். பூஜ்யம்.

"ஒண்ணும் ஓடல. பாத்துக்கோ" என்றாள்.

"எட்டு மணி ஆகட்டும்மா."

மாமா வெற்றிலை மடித்தார். எட்டு அடித்து இரண்டு நிமிடம். கரையில் பம்ப் உறுமிக்கொண்டு கிளம்பியது. அம்மா மீட்டரைப் பார்த்தாள். பூஜ்யம் நகர்ந்தது. பாதி ஆம்பியர். முக்கால். அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது.

ஒயரில் எந்த சப்ளையும் இல்லை. இந்தப் பக்கம் எர்த், அந்தப் பக்கம் எர்த். நடுவில் முக்கால் ஆம்பியர்.

"எர்த்துக்கும் எர்த்துக்கும் நடுவுல கரன்டா?" என்றாள். என்னிடம் இல்லை. தண்ணீரிடம் கேட்பது போல.

"எல்லா மண்ணும் ஒண்ணு இல்லம்மா. பம்ப் ஓடும்போது இங்க இருக்கற மண்ணு கொஞ்சம் தூக்குது. பெட்டி பக்கத்து மண்ணு தூக்கல."

இருபத்தைந்து வருடம் அவள் நம்பியது அது. மண் என்றால் ஒன்று. அதில் கட்டினால் பத்திரம். மீட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இத்த கயட்டினா யார் மேலயாவது அடிக்குமா?"

"அடிக்காது."

"நாளைக்கு ஒருத்தன் வந்து இந்தத் தூணுல கை வெச்சா?"

"அடிக்காது. சென்சாருக்கு வர்றது பேட்டரி கரன்ட்தான். பன்னெண்டு வோல்ட்."

"உன் புள்ள கை வெச்சா?"

"அடிக்காதும்மா."

மூன்று முறை கேட்டாள். மூன்று முறை சொன்னேன். ஸ்பேனரை நீட்டினேன். வாங்கவில்லை. தன் பையிலிருந்து தன் ஸ்பேனரை எடுத்தாள். போல்ட் கழன்றது. வலை முனையை மடக்கி, டேப் சுற்றி, ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் குழலை மாட்டி, லைட்டரால் சூடு காட்டி இறுக்கினாள். பம்ப் உறுமிக்கொண்டே இருந்தது. லேப்டாப்பில் எண்ணைப் பார்த்தேன். நேர்கோடு. மாமா தூணில் போட்ட கோட்டோடு சரியாக ஒத்துப்போனது.

"சரியா கீதா?" என்றாள்.

"சரியா இருக்கு."

"அப்ப தப்பு என்னுது" என்றாள்.

இதுவரை நடந்தது பலருக்கும் நடக்கக்கூடியது. ஒருவர் தவறு செய்தார், கண்டுபிடித்தோம், திருத்தினோம். அடுத்து நடந்ததைத்தான் கோதண்டம் எழுதச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஒர்க்‌ஷாப்பில் உசேன் பாயும் கோதண்டமும் காத்திருந்தார்கள். போனிலேயே எண்ணைப் பார்த்துவிட்டார்கள். பாய் பிரியாணி சொல்லிவிட்டிருந்தார். கோதண்டம் முதல் முறையாகச் சிரித்தார்.

"மூணாம் பெட்டிய மட்டும் சரி பண்ணதா எழுதிக்கறேன். ஒரு பெட்டிக்கு விதியில இடம் இருக்கு. மத்த அஞ்சும் ஒம்பது நாளா சரியாத்தான் இருக்கு. கணக்கு தொடரட்டும். இன்னும் ஆறே நாள்."

அம்மா உட்காரவில்லை.

"சார், மத்த அஞ்சும் அப்டித்தான் கட்டிக்கீறேன். ரெண்டு மொனையும்."

பாய்தான் முதலில் பேசினார். "மங்கக்கா, அது நல்லாத்தான வேல செய்யுது? பக்கத்துல பம்ப் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏன் தொறக்குற?"

"இன்னிக்கு பம்ப் இல்ல பாய். அடுத்த வருசம் எவனாவது ஒரு மோட்டார் வெச்சா? அன்னிக்கு மய பெய்யும். தண்ணி ஏறும். பெட்டி பொய் சொல்லும். கேக்கறவனுக்கு அது பொய்யின்னு தெரியாது."

"அஞ்சையும் தொறந்தா கணக்கு மறுபடி ஒண்ணுலேர்ந்து" என்றார் கோதண்டம். "விதி அது. நான் மாத்த முடியாது. இன்னும் பதினஞ்சு நாள்னா மழை பிடிச்சிடும். நடுவுல ஒரு பெட்டி நின்னாலும் போச்சு. வேலை உங்க கைய விட்டுப் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே சார்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள். சத்தமாகப் பேசவில்லை.

"பாக்கறதுக்கு சரியா கீறது எனக்கு வோணாம் பாய். அந்த ஐஸ் மெஷினும் பாக்கறதுக்கு சரியாத்தான் இருந்துச்சி."

பாய்க்கு அப்பாவைத் தெரியும். எழுந்துபோய் ஏணியை வெளியே எடுத்து வைத்தார். பிரியாணி வந்தது, படகில் வைத்துச் சாப்பிட்டோம்.

அன்று இரண்டு, மறுநாள் மூன்று. ஐந்து பெட்டிகளையும் திறந்தாள். நான் பெரும்பாலும் டார்ச் பிடித்துக்கொண்டும் படகில் கறுப்பு டேப் கிழித்துக்கொண்டும் இருந்தேன். ஒவ்வொன்றிலும் முதலில் பேட்டரியைக் கழற்றிச் சிவப்புத் துணி கட்டினாள். ஆன்டெனாவைத் தொட்டுப் பார்த்தாள். வலை முனையைக் கழற்றி மூடினாள். பெட்டி உடம்பின் எர்த்தை இரண்டு முனையும் அளந்தாள். கடைசியில் துணியை அவிழ்த்தாள். ஒன்றைக்கூட அவசரமாகச் செய்யவில்லை. கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கியது.

நான் பெங்களூர் திரும்பினேன். அவள் தினமும் காலை ஒரு எண் அனுப்புவாள், நாள் எண். மூன்று. நான்கு. ஏழு.

பதினோராம் நாள் மழை வந்துவிட்டது. கடலில் காற்றழுத்தம். படகு எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பெட்டியில் ஒரு திருகு தளர்ந்தாலும் போய் இறுக்க வழியில்லை. இரண்டு நாள் சூரியன் இல்லை, சோலார் இல்லை, பேட்டரி மட்டும். பதின்மூன்றாம் நாள் காலை அம்மாவின் எண் வரவில்லை. நான் கூப்பிட்டேன். எடுத்தாள்.

"கரன்ட் இல்லடி. போன் சார்ஜு தீரப் போவுது. வூட்ல முட்டி வரைக்கும் தண்ணி. அங்க வருதா, பாரு."

பார்த்தேன். ஆறும் வந்துகொண்டிருந்தன. கால் மணிக்கு ஒரு முறை, ஆறு எண்கள். தண்ணீர் ஏறுவதை ஆறும் ஒரே மாதிரி சொல்லின. மேல்பக்கத்துக் குப்பங்களுக்குக் கோதண்டம் அந்த எண்களை வைத்துத்தான் ஆள் அனுப்பினார் என்பது பிறகு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நகரத்தில் பாதி போன் கோபுரங்கள் அணைந்துகிடந்தபோது என் அம்மா கட்டிய ரேடியோக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன.

"வருதும்மா. ஆறும்."

"மூணு?"

"மூணும்."

"சரி, வெச்சிடு. சாமானத்த மேல ஏத்தணும்" என்று வைத்துவிட்டாள்.

பதினாறாம் நாள் கோதண்டம் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு படிவத்தோடு வந்தார். பொருத்தியவர் பெயர் என்ற இடத்தில் மங்கை என்று எழுதினார். கல்வித் தகுதி என்று ஒரு கட்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"எட்டாவதுன்னு எயுது சார். பொய்யா எயுதப் போற?" என்றாள்.

எழுதினார். துறையில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. அதற்குப் பிறகு வேறு இடங்களில் ஒன்பது பெட்டிகள் வந்தன. எல்லாம் அவள் நிறுத்தியவை. எல்லாவற்றிலும் வலைக்கு ஒரு முனை, உடம்புக்கு இரண்டு முனை.

போன வாரம் அந்த ஆறு பெட்டிகளுக்கும் வருடாந்திரப் பரிசோதனை. பார்க்க ஆளில்லை. கோதண்டம் என்னைக் கேட்டார். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். மாமா படகு எடுத்தார்.

மூன்றாம் பெட்டியைத் திறந்தேன். கதவின் உட்பக்கம் ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே அட்டை. பெரிய, சாய்ந்த எழுத்து.

"வலைக்கு தூண் பக்கம் எர்த்து குடுக்கவில்லை. மறந்தது இல்லை. தெரிந்தே விட்டது. யாரும் கட்ட வேண்டாம். பெட்டி உடம்பு எர்த்து ரெண்டு முனையும் பார்த்தேன். மங்கை."

கீழே மூன்று தேதிகள். வருடத்துக்கு ஒன்று. மூன்றாவது, போன வருடம் எழுதியது. அப்போதே அவளுக்கு ஏணி ஏறினால் மூச்சு வாங்கியது என்று மாமா இப்போது சொல்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

அடிப்பக்கம் இடம் நிறைய விட்டிருந்தாள்.

பேட்டரியைக் கழற்றினேன். சிவப்புத் துணி அங்கேயே இருந்தது, வெளுத்துப்போய். கட்டினேன். ஆன்டெனாவைத் தொட்டுப் பார்த்தேன். மீட்டரை எடுத்துப் பெட்டி எர்த்தின் மேல் முனையை அளந்தேன். குனிந்து கீழ் முனையையும் அளந்தேன். துணியை அவிழ்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அட்டையில் நான்காவது தேதியை எழுதினேன்.

"பாத்துட்டியா?" என்றார் மாமா கீழிருந்து.

"பாத்துட்டேன்."

"ரெண்டு மொனையும்?"

"ரெண்டும்."

"அப்ப எறங்கு கண்ணு. வத்தம் ஆயிடுச்சின்னா போட் சேத்துல குந்திக்கும். இன்னும் மூணு பெட்டி கீது."